வளவுக்குள் முயல்: கேள்வி பதில்

கோப்பாயிலிருந்து ஒரு தங்கை: ஐயா, அறுகம்புல்லுக்குள் ஒரு முயற்குட்டி தனியே கிடக்கிறது. காலையிலிருந்து தாயைக் காணவில்லை. வீட்டுக்குள் எடுத்துப் பால் கொடுக்கட்டுமா?

வேண்டாம் தங்கச்சி. எடுத்துவிட்டீர்களென்றால் இப்போதே அதே புல்லில் கொண்டுபோய் விடுங்கள். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்தி ஒரு சிறு பள்ளமாக்கிப் படுக்கும். குட்டி பிறக்கும்போதே உடல் முழுதும் மயிரும் திறந்த கண்ணுமாக வருகிறது. தாய் பகல் முழுக்க விலகியே நிற்கும். அருகில் நின்றால் நாய்க்கும் கீரிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும் அல்லவா? பொழுதுபட்ட பின் வந்து, சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். தாய் முயலின் பாலில் கொழுப்பு மிக அதிகம், அதனால் அந்தச் சில நிமிடங்கள் போதும். பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் கண்டே சாகும். இரக்கப்பட்டு வளர்த்த குட்டிகள் சாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், சிறு வயதில் என் கையிலும் ஒன்று. இரவில் நாயைக் கட்டிவையுங்கள், பூனையை உள்ளே பூட்டுங்கள். காயம் இருந்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

அச்சுவேலியிலிருந்து ஒரு தோட்டக்காரர்: பயற்றங்கன்றுகளை இரவில் கடிப்பது முயலா, பக்கத்து வீட்டு ஆடா?

ஆட்டைத் திட்டுமுன் தண்டைப் பாருங்கள். முயல் கடித்த இடம் கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் இருக்கும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, ஆகவே பிய்ந்து கிடக்கும். முயற்புழுக்கை உருண்டையாய், சற்றுத் தட்டையாய், உள்ளே நார்நாராய் இருக்கும். முயல்தான் என்றால் மூன்று அடி உயரக் கோழிவலை போதும். அடிப்பக்கத்தை மண்ணோடு அழுத்திக் கட்டுங்கள். நஞ்சு வைக்காதீர்கள், உங்கள் நாயும் தின்னும்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி: எங்கள் வீட்டு வெள்ளை முயலோடு இந்தக் காட்டு முயல் சேருமா?

சேராது. இரண்டும் வெவ்வேறு பேரினம். வீட்டு முயலின் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும்.

உடுப்பிட்டியிலிருந்து ஒரு அக்கா: முன்பெல்லாம் முயல் வளவுக்குள் வரும், இப்போது வருவதில்லையே?

கிளுவை வேலியை எடுத்து மதில் கட்டிவிட்டீர்களா? அப்படியென்றால் வேலியில் முயல் நுழையும் ஓட்டையான பொட்டும் போயிருக்கும். நாம் கதவைச் சாத்திவிட்டு விருந்தாளியைத் தேடுகிறோம். மதிலடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விட்டு, மூலையில் கொஞ்சம் புல்லை வெட்டாமல் விடுங்கள். பிறகு பொழுதுபட்டதும் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் இருங்கள். வந்தால், பின்னங்கழுத்தில் கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் முயலுக்கு அதுதான் அடையாளம்.