கிரீடத்தைப் பாருங்கள்

கேள்வி: பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) சின்னம் ஒன்று, வாட்டர்கலரில் வரைந்தது, ஏலத்துக்கு வந்திருக்கிறது. மேலே 'ஜார்ஜ் ஆர்.ஐ.' என்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கையெழுத்து. அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கையெழுத்து கிடக்கட்டும், முதலில் கிரீடத்தைப் பாருங்கள். ஜார்ஜ் காலத்தில் வரைந்தது டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் மேலே குவிந்து நிற்கும். எலிசபெத் ராணி காலத்தில் மாறிய புனித எட்வர்ட் கிரீடத்தில் வளைவின் நடுவே பள்ளம் விழும். ஜார்ஜ் கையெழுத்தும் பள்ளம் விழுந்த கிரீடமும் ஒரே தாளில் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

'ஆர்.ஐ.' என்பதில் வரும் 'ஐ' இந்தியப் பேரரசர் பட்டத்தைக் குறிப்பது. 1948 ஜூனில் அந்தப் பட்டம் முறைப்படி நீக்கப்பட்டது. ஓவியத்தில் அதற்குப் பிந்தைய ஆண்டு போட்டிருந்தால் 'ஐ' இருக்க நியாயமே இல்லை. கீழே செஸ்டர் ஹெரால்ட் என்ற மரபுச் சின்ன அதிகாரி பதவியில் இருந்த ஜான் ஹீட்டன்-ஆம்ஸ்ட்ராங்கின் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். அப்போது விமானப் படைச் சின்னங்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் அவர்தான்.

அப்புறம் லென்ஸ். அச்சு என்றால் வண்ணம் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். கையால் பூசியதில் புள்ளி இருக்காது. வண்ணம் காய்ந்த ஓரத்தில் மெல்லிய கரும்விளிம்பு, அடியில் அங்கங்கே பென்சில் கோடு. வட்டச் சட்டத்தில் 'ராயல் ஏர் ஃபோர்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதில் 'ஆர்' மூன்று இடத்தில் வரும். மூன்றையும் ஒப்பிடுங்கள். எவ்வளவு தேர்ந்த கையானாலும் எழுத்துக் காலின் சாய்வோ தடிமனோ கொஞ்சம் மாறியிருக்கும். அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. மன்னர் ஒப்பமிட்ட பிரதி அந்த ஸ்குவாட்ரனுக்குத்தான் போகும். அது எப்படி வெளியே வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். மழுப்பினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கையெழுத்தில்லாத பிரதிகளை மட்டமாக நினைக்காதீர்கள். ஹைதராபாத் பெயர் தாங்கிய 152ஆம் ஸ்குவாட்ரனின் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகைதான் நடுநாயகம். நல்ல கை வரைந்த பிரதி ஒன்று கிடைத்தால், சந்தேகத்துக்கிடமான ராஜ கையெழுத்தை விட்டுவிட்டு நான் அதைத்தான் வாங்குவேன்.