ரகசியச் சாவி அவர்களிடமே இருக்கட்டும்
ஆலையின் தனி 5ஜி வலையமைப்பில், தொலைந்த கருவியின் சிம்மை முடக்கத் தொலைபேசி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒரு நாள் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக சிம்களின் முழு நிர்வாகத்தையும் அவர்களிடம் கேட்காதீர்கள். தரமாட்டார்கள், தந்தாலும் உங்களுக்குத் தலைவலிதான். சிம் உண்மையானதுதானா என்று வலையமைப்பு சரிபார்க்க உதவும் ரகசியச் சாவி சிம்முக்குள் இருக்கிறது, அதன் பிரதி அவர்களுடைய மைய சர்வரில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

கேட்க வேண்டியது, உங்கள் சிம்களுக்கு மட்டுமான ஏபிஐ அணுகல், அதாவது உங்கள் மென்பொருளே அவர்களுடைய அமைப்புக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் வழி: முடக்குதல், மீண்டும் இயக்குதல், கருவியின் ஐஎம்இஐ எண்ணோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) சிம்மைப் பிணைத்தல். பிணைத்துவிட்டால், சிம்மை உருவி வேறு போனில் போடுபவருக்கு இணைப்பு கிடைக்காது. (ஐஎம்இஐயையே மாற்றும் கில்லாடிகளும் உண்டு, இதை மட்டும் நம்பாதீர்கள்.) யார், எப்போது, எந்த சிம்மை முடக்கினார் என்ற பதிவை நீங்களும் பார்க்க முடிய வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.