கன்வெர்ட் செய்த பம்ப்பில் கை வைக்கும் முன்

தம்பி, கனடாவின் கால்கரிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, துவாக்குடி ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஆட்டோகேட் போட்ட அனுபவம்தான் கையில் இருக்கிறது, இங்கே பிளான்ட் 3டி-யில் (ஆலைகளின் பைப், கருவிகளை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) உட்கார வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வெண்டார், அதாவது பம்ப்பை விற்ற நிறுவனம், கொடுத்த மாடலிலிருந்து கன்வெர்ட் செய்த (பிளான்ட் 3டி-யின் எக்யுப்மென்டாக மாற்றிய) பம்ப் ஒன்றின் டிஸ்சார்ஜ் நாசிலை, அதாவது திரவம் வெளியேறும் வாயை, மாற்றச் சொன்னார்கள், மாடிஃபை கொடுத்தால் அளவுகளே வரவில்லை, லீடிடம் (குழுத் தலைவரிடம்) கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் உங்கள் கேள்வி.

அளவுகள் வராததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பிளான்ட் 3டி-யிலேயே உருவாக்கிய வெஸ்ஸலுக்குத்தான் விட்டம், உயரம் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். வெளியிலிருந்து வந்த சாலிடை (3டி உருவத்தை) கன்வெர்ட் செய்தால் அதற்கு ஒரு டேக் (அடையாள எண்) கிடைக்கும், நாசில் வைக்க முடியும், அவ்வளவுதான். உடம்பு அப்படியே கட்டியாக இருக்கும். நாசிலை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அந்த நாசிலைத் தொடுங்கள், பென்சில் குறி வரும், அதில் சைஸ், பிரஷர் கிளாஸ் (150, 300 என்ற அழுத்தத் தரம்) எல்லாம் மாற்றலாம்.

ஆனால் கவனியுங்கள், வெண்டார் வரைந்த ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டுப் பைப்பை இணைக்கும் வளையம்) அந்தக் கட்டியோடு சேர்ந்தே இருக்கும், நாம் வைத்த நாசில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். நாசிலை 300 கிளாஸ் ஆக்கினாலும் படத்தில் பழைய 150 ஃபிளேஞ்ச் அங்கேயேதான் இருக்கும். ஐசோமெட்ரிக் (பைப் தயாரிக்க ஷாப்புக்குப் போகும் வரைபடம்) எடுப்பது நாசிலின் தகவலை, கண்ணுக்குத் தெரிவது அந்தப் படம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நான் மாட்டிக்கொண்டேன்.

இங்கே வந்த முதல் வருடம், இதே போல ஒரு 4 இன்ச் டிஸ்சார்ஜ், வெண்டார் 150-லிருந்து 300-க்கு மாற்றியிருந்தார்கள். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, பம்ப்பை எக்ஸ்ப்ளோட் செய்து (தனித்தனி வடிவங்களாக உடைத்து), ஃபிளேஞ்சை மட்டும் புதிதாக வரைந்து ஒட்டிவிட்டேன். எக்ஸ்ப்ளோட் செய்த நிமிடமே அது எக்யுப்மென்ட் என்ற அடையாளத்தை இழந்துவிட்டது, டேக் போயிற்று, பைப் நாசிலோடு சேராமல் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. திரையில் பார்க்க எல்லாம் சரியாக இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்பூல் (ஷாப்பில் வெல்ட் செய்து தயாரிக்கும் பைப் துண்டு) 150 ஃபிளேஞ்சோடு எட்மண்டன் அருகே நிஸ்குவில் ஒரு ஷாப்பில் தயாராகிவிட்டது. இரண்டு ஃபிளேஞ்சிலும் எட்டு போல்ட்தான், ஆனால் 150-க்கு போல்ட் வட்டம் 190.5 மி.மீ., 300-க்கு 200 மி.மீ., ஓட்டையின் அளவும் வேறு. மாட்யூலில் (ஷாப்பிலேயே கட்டி தளத்துக்கு அனுப்பும் தொகுதியில்) பொருத்திப் பார்த்தபோது ஒரு போல்ட் கூட நுழையவில்லை. அறுத்து, திரும்ப வெல்ட் செய்து, திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள். ஷாப்பிலேயே தெரிந்ததால் பிழைத்தோம், அது வடக்கே ஃபோர்ட் மெக்மர்ரி தளத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மைனஸ் 30-இல், கூடாரம் போட்டு ஹீட்டர் வைத்து ஒருவர் வெல்ட் செய்ய வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் உடம்பும் மாற வேண்டுமென்றால் கன்வெர்ட் செய்வதற்கு முந்தைய மூல சாலிட் ஃபைலில் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் இம்பெல்லர், போல்ட், எழுத்து எல்லாவற்றையும் அப்போதே நீக்கிவிடுங்கள், ஃபைல் அளவு குறையும். பழைய பம்ப்பை எடுத்துவிட்டு, மறுபடி கன்வெர்ட் செய்து, அதே டேக் கொடுத்து, நாசில்களை வெண்டாரின் ஒப்புதல் பெற்ற டிராயிங்கைப் பார்த்து வைத்து, பைப்பைத் திரும்ப இணையுங்கள். வெறும் ஸ்டெப் ஃபைலை (3டி வடிவத்தை மென்பொருள்களுக்கிடையே அனுப்பும் கோப்பை) நம்பி நாசில் வைக்காதீர்கள்.

கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் சீனியரிடம் இரண்டு தடவை கேட்டாலே முகம் மாறும், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இங்கே நான் பார்த்தவரை, கேட்டதற்காக யாரும் குறை சொன்னதில்லை, சொல்லாமல் மாற்றியதற்குத்தான் கோபப்பட்டார்கள். லீடைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், சார் வேண்டாம். வாயால் கேட்டாலும் அப்புறம் இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்: எந்த டேக், எந்த நாசில், வெண்டார் டிராயிங்கின் எந்த ரிவிஷன்.

நாளைக் காலை முதல் வேலையாக அந்த மூல ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஸ்டெப் ஃபைலிலிருந்து எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன்.