வள்ளத்தின் பின்னால் மாட்டும் புது அவுட்போர்டு எஞ்சினை எப்படிப் பழக்குவது, கரைக்கு வந்ததும் எப்படிக் கழுவுவது?

கூட்டப்புளியில் உங்கள் ஃபைபர் வள்ளத்துக்குப் புதிதாக 9.9 குதிரைச்சக்தி டூ-ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கியிருக்கிறீர்கள். முதல் நாளே தொழிலுக்குப் போகலாமா, தினமும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் உவரி. எங்கள் வீட்டுக்கு இப்போது இருப்பது மூன்றாவது எஞ்சின். முதலாவதைக் கொன்றது நாங்களேதான்.

இத்தனைக்கும் அப்பா அதைத் தினமும் கழுவினார். கரையிலிருந்து தோளில் தூக்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் ட்ரம்மில் இறக்கி ஓட்டாமல் சாப்பிட உட்கார மாட்டார். ஆனாலும் இரண்டாவது வருஷம் எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றது. தலையைக் கழற்றிப் பார்த்தால், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகும் வழியெல்லாம் பானை அடியில் பிடித்த மாதிரி வெள்ளையாக உப்பு. ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தத் தண்ணில ஓட்டுதிய?" கிணற்றுத் தண்ணீர் என்றோம். அதில் கொஞ்சம் வாங்கி ஒரு எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வைத்தார். காய்ந்ததும் தட்டில் வெள்ளைப் படலம். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறோம்!

அதனால் முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தட்டில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை பிடித்தால், குடிநீர்க் குழாயில் வருவதைப் பிடித்து வையுங்கள். வீட்டில் பெண்கள் சண்டைக்கு வருவார்கள், எங்கள் அம்மா வந்தார். ட்ரம் தண்ணீரை நான்கைந்து நாள் வைத்துக்கொள்வதும் வேண்டாம். எஞ்சினிலிருந்து இறங்கும் உப்பு அதிலேயேதான் கிடக்கும்.

கழுவும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முடிந்தால் புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். அதற்கு மேலே இருக்கும் தட்டையான தகடு மூழ்கும்வரை ட்ரம்மில் தண்ணீர் வேண்டும். நியூட்ரலில், மண்ணெண்ணெய்க்கு மாற்றாமல் பெட்ரோலிலேயே, மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிஷம் போதும். தண்ணீர் இல்லாமல் "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று மட்டும் கயிற்றை இழுத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ரப்பர். காய்ந்து சுற்றினால் சில நொடிகளிலேயே அதன் இறக்கை கருகிவிடும். ஓட்டி முடித்ததும் எஞ்சினை நிமிர்த்தியே வைத்து, உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்க வடிய விடுங்கள். தோளில் தூக்கும்போதும் தலைப்பக்கம் கீழே போகக்கூடாது. போனால் புகை போகும் வழியில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இனி பழக்குவது. புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றோடொன்று படிந்திருக்காது. அது படிவதற்குத்தான் முதல் பத்து மணி நேரம். முதல் பத்து நிமிஷத்தை வீட்டு ட்ரம்மிலேயே, மெதுவான ஓட்டத்தில் முடித்துவிடலாம். பிறகு கடலில், முதல் ஒரு மணி நேரம் நிறையும்வரை த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் கைப்பிடியை, பாதிக்கு மேல் திருகாதீர்கள். அடுத்த இரண்டு மணி நேரம் முக்கால் வரை போகலாம். மிச்ச நேரத்தில் முழுசாகத் திருகலாம், ஆனால் ஒரேயடியாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரே வேகத்திலேயே ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். இது பொதுக் கணக்கு. உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் சரி.

நம் கரையில் ஒரு சிக்கல் உண்டு. துறைமுகத்தில் கட்டிய படகு மாதிரி நாம் மெல்ல நழுவிப் போக முடியாது, அலையை உடைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அங்கே போய் பாதி த்ராட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் வள்ளம் கவிழும். அந்தச் சில நொடி தாராளமாகத் திருகுங்கள், தாண்டியதும் குறைத்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் புது எஞ்சினைப் பழக்கக் கிளம்பாதீர்கள். கடல் அமர்ந்திருக்கும் விடியலாகப் பார்த்து, முதல் இரண்டு நாள் வலையும் ஐஸும் ஏற்றாமல் சும்மா ஓடி வாருங்கள். வருமானம் போகும்தான். எங்கள் இரண்டாவது எஞ்சின் வந்த அன்று, பக்கத்து வள்ளம் முந்துகிறதே என்று நான் திருகப் போக, சித்தப்பா கையைத் தட்டிவிட்டார்: "புதுசுல, காதத் திருகாத!"

எண்ணெய்க் கலவையில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயை எரிபொருளோடுதான் கலக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு வழக்கமாக எரிபொருள் 50 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பழக்கும்போது 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. மண்ணெண்ணெய் மாடலுக்கு வேறு அளவு சொல்லியிருக்கலாம், புத்தகத்தைப் பாருங்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் அவுட்போர்டு எண்ணெயாகவே வாங்குங்கள், பைக்குக்கு ஊற்றும் 2டி வேண்டாம். அப்புறம், எஞ்சினை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

பத்து மணி நேரம் முடிந்ததும் கியர் எண்ணெயை மாற்றுங்கள். பழையது பால் கலந்த டீ மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே காட்டுங்கள். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும்வரை.

ஓடும்போதெல்லாம் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் பின்னால் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பீச்சுகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். மெலிந்தால் எஞ்சினை நிறுத்தி, அந்தத் துளையில் ஒரு துண்டுத் தங்கூசி நரம்பை (தூண்டில் நைலான் இழை) விட்டுக் குத்துங்கள், பெரும்பாலும் மணலோ உப்போதான் அடைத்திருக்கும். அதற்கும் பீச்சவில்லை என்றால் இம்பெல்லர் போயிருக்கும். தூத்துக்குடிக்குப் புது இம்பெல்லர் வாங்கப் போகும்போது, அதை மூடும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதை மறந்துவிட்டு நான் மறுநாளும் பஸ் ஏறினேன்.