ஐந்து நாள் சில்க் போர்டு, ஒரு நாள் ரேஸ் டிராக்

கேள்வி: ஜெயநகரிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரையே வருடத்துக்கு மூன்று நான்கு தடவை சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் ஓட்ட ஆசை. சஸ்பென்ஷனை இறக்கி, செமி-ஸ்லிக் டயர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: இரண்டும் வேண்டாம். வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்பது சாலை விதி. உங்கள் தெருவில் இருப்பது அந்த அளவிலா இருக்கிறது? கம்பெனி கொடுத்த உயரத்திலேயே குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். இன்னும் இறக்கினால் முன் பம்பரின் கீழ் விளிம்பு (லிப்) போய்விடும். செமி-ஸ்லிக்கில் பள்ளங்கள் குறைவு. சாயங்கால மழையில் ஓசூர் ரோட்டில் தேங்கும் தண்ணீரை அதனால் வெளியே தள்ள முடியாது. சூடேறாதவரை பிடிப்பும் சுமார்தான்.

செலவு செய்ய வேண்டிய இடம் பிரேக். டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். டிராக்கில் நாலைந்து சுற்றிலேயே அந்தச் சூடு வந்துவிடலாம். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போகும். அதனால் போவதற்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, நல்ல டாட் 4 அல்லது 5.1 நிரப்பச் சொல்லுங்கள். டாட் 5 சிலிகான் ஆயில். பெயரைப் பார்த்து ஏமாந்து அதை ஊற்றிவிடக் கூடாது. பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். மெலிந்த பேடு வழியாகச் சூடு நேராக, பேடை அழுத்தும் காலிப்பருக்கு ஏறும். முழு ரேஸ் பேடு மட்டும் வேண்டாம்: குளிர்ந்திருக்கையில் கடிக்காது, சிக்னலுக்குச் சிக்னல் கிறீச்சிடும்.

டயர் காற்றை டிராக்கில் இறங்குமுன் நான்கைந்து பி.எஸ்.ஐ. குறையுங்கள், ஓட ஓடத் தானே ஏறும். வெளியே வந்த உடனே, சூடு ஆறுமுன் அளந்து நான்கையும் சரிசெய்யுங்கள். பலர் மறப்பது அடுத்தது: கார் ஆறியதும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டுத்தான் பெங்களூரு கிளம்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேலூர், கிருஷ்ணகிரி என்று 300 கி.மீ. வந்தால் டயர் பக்கவாட்டில் சூடாகி வெடிக்கலாம். இந்த வகைக் கார் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது.

கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேடு அச்சு விழுந்து பிரேக் பிடிக்கையில் கார் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை போதும். வீல் நட்டுகளை ஆறியபின், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: டிராக்கில் அடிபட்டால் இன்சூரன்ஸ் வருமா? பம்பர்-டு-பம்பர் எடுத்திருக்கிறேன்.
- வாசகர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: வராது என்று வைத்துக்கொண்டே போங்கள். தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு. பம்பர்-டு-பம்பர் என்பது தேய்மானக் கழிவைத்தான் நீக்கும், விலக்கை நீக்காது. டிராக்கில் தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினால் அதற்கும் உங்களிடமே காசு கேட்கலாம். பணம் கட்டுமுன் நிகழ்ச்சி நடத்துபவர்களின் ஒப்பந்தத் தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.