ஒரே ஜிசெல், மூன்று மாலைகள்: பாலே கேள்வி பதில்

லண்டன் கோவென்ட் கார்டனில் உள்ள ராயல் ஆபரா ஹவுசின் மேல்மாடத்தில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலே பார்த்து வருகிறேன். நிகழ்ச்சிகள், வேடப் பங்கீடு, கலைஞர்கள் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒரு ரசிகன் என்ற அளவில் நான் கண்டதையும் கருதுவதையும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): ஒரே பாலேவை ஒரே பருவத்தில் மூன்று முறை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். கதையும் இசையும் அசைவுகளும் மாறாதபோது மறுபடியும் பார்க்க என்ன இருக்கிறது?

பரதநாட்டியத்தில் ஒரு வர்ணத்தை இரண்டு பேர் ஆடினால் அவை ஒரே வர்ணமாகவா இருக்கின்றன? பாலேவிலும் அப்படித்தான். 1841இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறிய ‘ஜிசெல்’லையே எடுத்துக்கொள்வோம். கிராமத்துப் பெண் ஜிசெல், தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்ளும் பிரபு ஆல்பிரெக்டைக் காதலிக்கிறாள். உண்மை வெளிப்பட்டதும் சித்தம் கலங்கி இறக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் ஆவியாக வந்து, அவனை ஆடவைத்தே கொல்லத் துடிக்கும் மற்ற ஆவிகளிடமிருந்து விடியும்வரை காப்பாற்றுகிறாள். முதல் அங்கத்தில் அவள் ஒரு பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, ‘காதலிக்கிறான், காதலிக்கவில்லை’ என்று எண்ணுவாள். சித்தம் கலங்கும் காட்சியில், கையில் பூவே இல்லாமல் அதே எண்ணிக்கையை மீண்டும் செய்வாள். அந்த விரல்களைத்தான் நான் கவனிப்பேன். சிலர் வேகமாக, பதறிப் பிய்ப்பார்கள். சிலர் ஒவ்வோர் இதழும் உண்மையாகவே இருப்பதுபோல் மெதுவாக எடுத்து, கீழே விழுவதைக் கண்ணால் பின்தொடர்வார்கள். இரண்டாம் வகையினரைப் பார்க்கும்போது என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கோவென்ட் கார்டனின் ராயல் பாலே குழுவில் ஆடும் நதாலியா ஒசிபோவாவின் ஜிசெல் தொடக்கத்திலிருந்தே கட்டுக்கடங்காதவள். அவளுடைய தாவலில் மண்ணோடு ஒட்டாத ஏதோ ஒன்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மரியானெலா நுன்யெஸின் ஜிசெல்லோ ஊரே நேசிக்கும் பெண். அதனால் இரண்டாம் அங்கத்து மன்னிப்பு அவளிடமிருந்து இயல்பாக வருகிறது. தயாரிப்பும் ஒன்றுதான், பீட்டர் ரைட் 1985இல் உருவாக்கியது. அதில் ஜிசெல் வாளால் தன்னையே குத்திக்கொள்கிறாள், வேறு பல தயாரிப்புகளில் அவளுடைய பலவீனமான இதயம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வாளை நோக்கி அவள் ஏன் போகிறாள் என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார்.

கேள்வி (சிங்கப்பூர்): யார் எந்த நாளில் ஆடுவார்கள் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஒருவருக்காகச் சீட்டு வாங்கி, வேறொருவரைப் பார்க்க நேர்ந்தால் ஏமாற்றமாக இருக்காதா?

முடிவு குழுவின் இயக்குநருடையது. ராயல் பாலேயில் 2012 முதல் கெவின் ஓ’ஹேர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். படைப்பின் உரிமையைப் பாதுகாப்பவர்களும் ஒத்திகை ஆசிரியர்களும் கருத்துச் சொல்வார்கள். கலைஞர்கள் ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல் என்ற படிகளில் ஏறுகிறார்கள். முழுநீள பாலேவின் நாயகி வேடம் பெரும்பாலும் மேல் படியில் இருப்பவர்களுக்கே போகும் என்றாலும், கீழ்ப் படியிலிருக்கும் ஒருவருக்கு ஒரு மதியக் காட்சி கிடைப்பதுண்டு. அனுபவமுள்ள ரசிகர்கள் அந்த மதியக் காட்சிக்குத்தான் முதலில் சீட்டு எடுப்பார்கள்.

ஏமாற்றம் பற்றிக் கேட்டீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், எனக்கு மிகவும் பிடித்த ஒரு கலைஞருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து ‘ரோமியோ ஜூலியட்’ பார்க்கப் போனேன். வாசலில் ஒரு சிறு தாள்: காயம் காரணமாக வேறொருவர் ஆடுவார். மனம் சோர்ந்து படியேறினேன். அந்த இளம்பெண் முதல் காட்சியில் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தபோது மூச்சு வாங்குவது மாடிவரை தெரிந்தது, அவ்வளவு பதற்றம். மூன்றாம் அங்கத்துக்குள் அந்தப் பதற்றமே ஜூலியட்டினுடையதாகிவிட்டது. அன்று அழுததைப்போல் அந்த அரங்கில் நான் வேறெப்போதும் அழுததில்லை. அதன்பின் மாற்றுத் தாளைப் பார்த்து வருந்துவதை விட்டுவிட்டேன்.

கேள்வி (கொழும்பு): பொருத்தமானவரை விடப் புகழ் பெற்றவருக்கே வாய்ப்புப் போகிறது என்று நினைக்கிறீர்களா?

சில சமயம் போகிறது. அதற்குப் பாலே உலகம் மறக்காத எடுத்துக்காட்டு 1965 பிப்ரவரியில் நடந்தது. நடன அமைப்பாளர் கென்னத் மெக்மில்லன் தம் ‘ரோமியோ ஜூலியட்’டை லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் ஆகிய இரு கலைஞர்களின் உடலையும் குணத்தையும் மனத்தில் வைத்துப் படைத்தார். சீமோரின் ஜூலியட் பிடிவாதமும் ஆசையும் நிறைந்த பெண். காலைச் சூரியகாந்திபோல் அழகு காட்டி நிற்பவள் அல்லள். ஆனால் அரங்கேற்றக் காட்சி மார்கோ ஃபொன்டெய்னுக்கும் ருடால்ஃப் நூரியேவுக்கும் கொடுக்கப்பட்டது. அமெரிக்கப் பயணத்துக்கு அந்த இரு பெயர்களும் தேவைப்பட்டன. திரை மீண்டும் மீண்டும் உயர்ந்து கைதட்டல் ஓயாமல் நீண்டது என்பது வரலாறு. மெக்மில்லன் அடுத்த ஆண்டே பெர்லினுக்குப் போய்விட்டார், சீமோரும் உடன் சென்றார். கேபிள் சில ஆண்டுகளில் நடனத்தை விட்டு நடிப்புக்குப் போனார்.

ஃபொன்டெய்ன்மீது எனக்குக் குறையில்லை. அவர் மாபெரும் கலைஞர். ஆனால் அந்த முடிவு தவறு என்றே இன்றும் கருதுகிறேன். காரணத்தை ஒரே காட்சியில் காட்ட முடியும். மூன்றாம் அங்கத்தில், பாரிஸ் என்பவனை மணக்கும்படி பெற்றோர் வற்புறுத்திவிட்டுப் போனபின், ஜூலியட் கட்டிலின் விளிம்பில் நம்மைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். புரோகோஃபியெவின் இசை பொங்கி அரங்கை நிறைக்கும். அவளோ ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டாள். அந்த அசைவின்மைக்குள் ஒரு சிறுமி பெண்ணாகி முடிவெடுப்பது தெரிய வேண்டும். அழகாக உட்காரத் தெரிந்தால் போதாது, எண்ணத் தெரிய வேண்டும். அந்த இடத்தைச் சீமோரின் மனத்திலிருந்து மெக்மில்லன் எடுத்தார் என்பது என் நம்பிக்கை. இன்று அந்த வேடத்தில் பிரான்செஸ்கா ஹேவர்ட் உட்காரும்போது எனக்கு அந்த எண்ணம் தெரிகிறது.

கேள்வி (கோவை): ‘ஸ்வான் லேக்’கில் முப்பத்திரண்டு சுழற்சிகளையும் சரியாக முடிக்காதவரை நல்ல கலைஞர் என்று ஏற்க முடியுமா?

தாராளமாக ஏற்கலாம். ஒற்றைக் கால்விரல் நுனியில் நின்று, மறுகாலைச் சாட்டைபோல் வீசிச் சுழலும் அந்த ஃபுவெத்தேக்கள், 1895இல் நடன அமைப்பாளர்கள் பெத்திப்பாவும் இவானோவும் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஸ்வான் லேக்’கை மறுபடி படைத்தபோது, பியெரினா லெஞானி என்ற இத்தாலியக் கலைஞரின் தனித்திறமைக்காகச் சேர்க்கப்பட்டவை. ரஷ்யக் கலைஞர் மாயா பிளிசெட்ஸ்கயா அந்த இடத்தில் மேடையைச் சுற்றி வரும் வேறு சுழற்சிகளை ஆடினார். அவருடைய கரிய அன்னம் ஒதிலை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. சுழற்சிகளை வாய்விட்டு எண்ணும் ஒருவர் என் பின்வரிசையில் அமர்ந்துவிட்டால் அந்த மாலை எனக்குப் பாழ். ஒதிலைத் தான் நேசிக்கும் ஒதெத் என்று நம்பி இளவரசன் ஏமாறும் கணத்தை எண்ணுபவர்கள் பார்ப்பதே இல்லை. ஒதில் ஆடிக்கொண்டே அவனை ஓரக்கண்ணால் எடைபோடுகிறாளா, வெள்ளை அன்னமான ஒதெத்தின் கை வளைவைத் திருடி அவனுக்குக் காட்டுகிறாளா என்பதைப் பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): ‘லா பயாதேர்’ கோயில் நடனப் பெண்ணைப் பற்றிய பாலே என்று அறிந்து காணொளியில் பார்த்தேன். மனம் கசந்தது. நீங்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள்?

உங்கள் கசப்பு நியாயமானது. 1877இல் பெத்திப்பா பீட்டர்ஸ்பர்க்கில் படைத்த அந்த இந்தியா, இந்தியாவைப் பார்க்காத மனிதரின் கற்பனை. அதில் வரும் பக்கிரிகளையும், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பொன் விக்கிரகத்தையும் பார்க்கும்போது நானும் இருக்கையில் நெளிவேன். அவற்றை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஆனால் நீங்கள் புதுச்சேரியிலிருந்து கேட்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1838இல் கடலூர் அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிகள் ஐவரும் இசைக்கலைஞர்கள் மூவரும் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே ஆடினார்கள்; பின்னர் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்ற நடனப் பெண்ணைக் கண்டு கவிஞர் தியோஃபில் கோத்தியே மெய்மறந்து எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணிக்கு வெண்கலச் சிலை வடித்தார். அதே கோத்தியேதான் மூன்றாண்டுகள் கழித்து ‘ஜிசெல்’ கதையை எழுதியவர்களுள் ஒருவர். அவருடைய மூலக் கதையில், இரவில் கூடும் ஆவிகளுள் ஒருத்தி ‘சுல்மே’ என்னும் பயாதேர், அதாவது கோயில் நடனப் பெண். இந்தியப் பாணியில் ஆட வருபவள். இந்தியச் சாயல் காலப்போக்கில் கரைந்துவிட்டது. ஆனால் ஆவிகளின் அரசிக்கு அடுத்தபடியாகத் தனியாக ஆடும் இருவரின் பெயர்கள் இன்றும் மொய்னா, சுல்மே என்றே நிகழ்ச்சிக் குறிப்பில் அச்சாகின்றன. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் திருவந்திபுரத்து அம்மணியை நினைத்துக்கொள்வேன். அவர் சதிர் ஆடிக்காட்டிய உண்மை, வெள்ளை வலைத்துணிக்குள் ஒரு பெயராக மட்டும் எஞ்சியது எனக்குத் துயரம் தருகிறது.

இருந்தாலும் ‘பயாதேர்’ மேடையேறும்போது போகிறேன், அதன் நிழல்களின் காட்சிக்காக. சரிவுப் பாதையில் வெள்ளையுடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரு காலைப் பின்னே உயர்த்தி முன்சாய்ந்து, பிறகு பின்வளைந்து, ஈரடி வைத்து, மறுபடியும் அதையே செய்துகொண்டு இறங்கி வருவார்கள். முதலில் இறங்குபவர்தான் அந்த அசைவை எல்லோரையும்விட அதிகத் தடவை செய்ய வேண்டும். கடைசிப் பெண் வந்து சேரும்போது, முதலில் இறங்கியவருடைய கணுக்கால் நடுங்குகிறதா என்று தொலைநோக்கியில் பார்ப்பேன். அவருடைய பெயர் சுவரொட்டியில் இருக்காது. அந்தக் காட்சியைத் தாங்குபவர் அவரே.

கேள்வி (டொராண்டோ): பத்தாண்டுகள் பரதநாட்டியம் கற்றவள் நான். பாலே பார்த்தால் அபிநயம் இல்லாததுபோல் தோன்றுகிறது. எனக்கு மட்டும்தானா?

அபிநயம் உண்டு, ஆனால் சொற்கள் குறைவு. தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் ‘ஆடு’. முஷ்டிகளைக் கீழே குறுக்காக வைத்தால் ‘சாவு’. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் ‘திருமணம்’. இரு விரல்களை மேலே உயர்த்தினால் ‘சத்தியம்’. ‘ஜிசெல்’லில் அவளுடைய தாய் பெர்த், ஆடியே இறக்கும் பெண்களின் கதையை இப்படித்தான் முழுவதும் கையால் சொல்கிறாள். சில தயாரிப்புகளில் அதை வெட்டிவிடுகிறார்கள். அங்கே இரண்டாம் அங்கத்தின் அச்சமும் பாதியாகிவிடுகிறது.

உங்கள் பயிற்சி வேறொரு விதத்தில் உதவும். முழங்கால்களை வெளிப்புறம் மடக்கி நிற்கும் அரைமண்டியில் உடலின் எடை தரைக்கு இறங்குகிறது. பாலேவிலும் இடுப்பிலிருந்து கால்கள் வெளிப்புறம் திரும்பியே இருக்கின்றன, ஆனால் எடையைத் தரையிலிருந்து பிரித்து மேலே இழுக்கிறார்கள். இரண்டின் உழைப்பையும் உணர்ந்தவர் ருக்மிணி தேவி. அவர் ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். இந்திய நடனத்தின் பக்கம் திரும்பும்படி அவரைத் தூண்டியவர் பாவ்லோவா.

கேள்வி (திருநெல்வேலி): வயதான கலைஞர்கள் விலகி இளையவர்களுக்கு வழிவிட வேண்டாமா?

உயரத் தாவ வேண்டிய வேடங்களில் உடலே அதைச் சொல்லிவிடும். மற்ற வேடங்களில் வயது ஒரு வளம். நூரியேவோடு முதன்முதலாக 1962இல் ‘ஜிசெல்’ ஆடியபோது ஃபொன்டெய்னுக்கு வயது 42, நூரியேவுக்கு 23. வர்ஜீனியா உல்ஃபின் எழுத்துகளிலிருந்து வெய்ன் மெக்ரெகர் 2015இல் உருவாக்கிய ‘உல்ஃப் வொர்க்ஸ்’ஸின் மையத்தில் நின்றவர் அலெசாந்திரா ஃபெரி, 52 வயதில். அவர் வெறுமனே திரும்பிப் பார்த்த பார்வையை இருபது வயதில் யாராலும் ஆட முடியாது.

கேள்வி (ரெடிங், இங்கிலாந்து): எட்டு வயது மகளை முதன்முறையாக அழைத்துப் போகிறேன். எந்தப் பாலே, எந்த இருக்கை, யார் ஆடும் நாள்?

கிறிஸ்துமஸ் பருவத்தில் ‘நட்கிராக்கர்’ பாருங்கள். பீட்டர் ரைட்டின் 1984 தயாரிப்பு. யார் ஆடும் நாள் என்று குழந்தைக்காகத் தேட வேண்டாம். உங்களுக்காக வேண்டுமானால், வதீம் முந்தகீரோவ் இளவரசனாக ஆடும் நாளைத் தேடுங்கள். அவர் தாவி இறங்கும்போது காலடி ஓசையே கேட்பதில்லை, கூட ஆடுபவரை நம்மிடம் ஒப்படைப்பதுபோல் நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்.

இருக்கைக்கு, விலை கூடிய தரைத்தளத்தைவிட மேல்மாடத்தின் முன்வரிசை நடுப்பகுதியை நான் தேர்ந்தெடுப்பேன். பனிச்செதில்களாக ஆடுபவர்கள் தரையில் போடும் கோலங்கள் மேலிருந்துதான் தெரியும். குழந்தைகளுக்கு உயரம் கூட்டும் மெத்தை கிடைக்குமா என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபின் மரம் வளரத் தொடங்கும். அந்த இடம் வரும்முன் தொலைநோக்கியை அவள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள், மரம் முழுவதுமாகத் தெரிய வேண்டும். கடைசியில் சர்க்கரைப் பழத் தேவதையின் தனி நடனத்தில் சிறு மணிகள்போல் ஒலிக்கும் வாத்தியத்தின் பெயர் செலஸ்டா என்று முன்னாலேயே சொல்லி, வீட்டில் இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். அரங்கில் அது தொடங்கியதும் அவள் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.