வியன்னாவுக்குப் பின் இரண்டு இரவு: பிராகா, புடாபெஸ்டா?

வணக்கம். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரெயில் பாஸுடன் பயணிக்கும் நீங்கள் இருவரும், வியன்னாவுக்குப் பிறகு மிஞ்சும் இரண்டு இரவுகளைக் குறைந்த செலவில் கழிக்கப் பிராக் நல்லதா, புடாபெஸ்ட் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் புடாபெஸ்ட் செல்லுங்கள். வியன்னாவிலிருந்து ரெயில்ஜெட் ரயில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் இறக்கிவிடும்; பாஸ் வைத்திருப்போருக்கு இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை என்றாலும், கோடைக்கால வார இறுதியில் நின்றுகொண்டே போவதைவிடச் சில யூரோ கொடுத்துப் பதிவுசெய்வதே மேல்.

நகரப் போக்குவரத்தில் அந்தப் பாஸ் செல்லாது. 72 மணி நேரப் பயண அட்டை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டால், 1896இல் திறக்கப்பட்ட பழைய மெட்ரோவும், நாடாளுமன்றத்தை ஒட்டி டான்யூப் கரையோரமாகவே ஓடும் 2ஆம் எண் டிராமும் அதிலேயே அடங்கிவிடும். விளக்கேற்றும் நேரத்தில் அந்த டிராமில் ஆற்றுப்பக்க ஜன்னல் கிடைத்துவிட்டால், படகுச் சவாரிக்குத் தனியே பணம் கொடுப்பது வீண் என்பேன். நகரைப் பார்க்கும் மேடையான மீனவர் கொத்தளத்தின் (Fisherman's Bastion) கீழ்த்தளங்களுக்கும் கட்டணமில்லை. 7ஆம் வட்டாரத்தில் அறை மலிவாகத் தெரிந்தாலும், மதுக்கூடங்களின் இரைச்சல் நள்ளிரவு தாண்டியும் ஓயாது என்பதால் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள். ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால், மறுத்துவிட்டு ஹங்கேரியப் பணமான ஃபோரிண்டிலேயே எடுங்கள்.